கேம் பாய்க்கு விளக்கு வைக்காத மனுஷன்

காலைல ஆறு மணிக்கு சிங்கப்பெருமாள் கோவில் ஜங்ஷன்ல நின்னு பாத்திருக்கீங்களா? ஜி.எஸ்.டி. ரோட்டுல இருந்து ஒரகடம் ரோடு பிரியிற இடம். கழுத்துல ஐ.டி. கார்டு, தோள்ல பை, கண்ணுல பாதித் தூக்கம்னு ஒரு பெரிய கூட்டம் கம்பெனி பஸ்ஸுக்காக நிக்கும். போன லீவுல இன்டர்ன்ஷிப்புக்காக நானும் ஒரு மாசம் அந்தக் கூட்டத்துல நின்னேன்.

எனக்குக் கிடைச்சது மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட். கன்வேயர்ல இருக்கிற சென்சாரைத் துணியால துடைக்கணும், ஸ்பேர் பார்ட்ஸ் கணக்கை ரெஜிஸ்டர்ல ஏத்தணும், லைன் நின்னுட்டா அண்ணன்களுக்கு டூல் பாக்ஸ் தூக்கிட்டு ஓடணும். டிசைன்ல இன்டர்ன்ஷிப் கிடைச்ச பசங்க ஸ்டேட்டஸ் போடுறப்போ எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் எரியும். இதுக்குத்தான் நாலு வருஷம் படிச்சோமான்னு தோணும். உங்கள்ல நிறைய பேருக்கு இந்த எரிச்சல் தெரிஞ்சிருக்கும்.

அந்த மாசம் சாயங்காலத்துல நானும் என் ரூம்மேட்டும் ஒரு வேலை பண்ணோம். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின கைக்கு அடக்கமான கேம் கன்சோல் ஒண்ணு அவன்கிட்ட இருந்தது. பழைய கேம் எல்லாம் ஓடும். அதைத் திறந்து, பட்டன்களுக்கு அடியிலயும் ஸ்கிரீனைச் சுத்தியும் ஆறு எல்.இ.டி. வச்சு சோல்டர் பண்ணோம். நீலம், பச்சை, சிவப்பு. ஆன் பண்ணதும் ஹாஸ்டலே வந்து பாத்துச்சு. கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி இருந்தது.

ரெண்டு நாள்ல சந்தோஷம் போயிடுச்சு. முன்னாடி அஞ்சு மணி நேரம் ஓடின கன்சோல் இப்போ நாலு மணி நேரம்கூட ஓடல. அதைவிட மோசம், ராத்திரி லைட்டை அணைச்சுட்டு விளையாடினா எல்.இ.டி. வெளிச்சம் கண்ணுல அடிச்சு, ஸ்கிரீன்ல இருக்கிறது சரியாத் தெரியல. தப்பு எங்க மேலதான். எதுக்காக விளக்கு வைக்கிறோம்னு யோசிக்காமலே வச்சிருந்தோம்.

சரி, முதல்ல இந்த மாதிரி மெஷினைப் பண்ணவங்க ஏன் விளக்கு வைக்கலன்னு தேட ஆரம்பிச்சேன். அப்படித்தான் குன்பேய் யோகோய் கிட்ட போய்ச் சேர்ந்தேன். கேம் பாய் பண்ணவர். பேர் தெரியாட்டியும் அவர் கைவேலையை நீங்க கட்டாயம் தொட்டிருப்பீங்க. கேம் கன்ட்ரோலர்ல இடது கட்டைவிரலுக்குக் கீழ கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன் இருக்கும்ல? அது அவரோடது.

அவர் வாழ்க்கை கதையை உங்களுக்குச் சொல்லணும்னு தோணினதுக்குக் காரணம் கேம் பாய் மட்டும் இல்ல. அவரும் மெயின்டனன்ஸ்ல ஆரம்பிச்சவர்.

பெரிய கம்பெனி எடுத்துக்கல

யோகோய் 1941 செப்டம்பர் 10 அன்னிக்கு ஜப்பான்ல கியோட்டோ நகரத்துல பிறந்தார். அதே ஊர்ல இருக்கிற தோஷிஷா பல்கலைக்கழகத்துல எலக்ட்ரானிக்ஸ் படிச்சார். மார்க் பெருசா இல்ல. பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளுக்கு முயற்சி பண்ணார், எங்கயும் கிடைக்கல. கடைசியில 1965-ல சொந்த ஊர்லயே இருந்த ஒரு கம்பெனியில சேர்ந்தார். அதுதான் நிண்டெண்டோ.

இப்போ அந்தப் பேரைக் கேட்டா நமக்கு மாரியோ ஞாபகம் வரும். அன்னிக்கு அது சீட்டுக்கட்டு கம்பெனி. 1889-ல இருந்து ஹனஃபுடாங்கிற பூப்படம் போட்ட ஜப்பான் சீட்டை அச்சடிச்சு வித்துட்டு இருந்தது. சீட்டு தயாரிக்கிற மெஷின்களைப் பராமரிக்கிறதுதான் யோகோய்க்கு வேலை. எலக்ட்ரானிக்ஸ் டிகிரி வாங்கிட்டு சீட்டுக்கட்டு மெஷினுக்கு எண்ணெய் போடுற வேலை. இன்னிக்கு நம்ம பிளேஸ்மென்ட் குரூப்ல இப்படி ஒரு ஆஃபர் வந்தா எத்தனை பேர் கை தூக்குவோம்?

மெஷின் நல்லா ஓடுறப்போ மெயின்டனன்ஸ் ஆளுக்கு வேலை இருக்காது. அந்த நேரத்துல ஃபேக்டரியில இருந்த லேத்தை வச்சு அவர் தனக்காக ஒரு விளையாட்டுச் சாமான் செஞ்சார். கத்தரி மாதிரி குறுக்குக் குறுக்கா பட்டைகளை இணைச்சது. கைப்பிடியை அழுத்தினா நீண்டு போய் தூரத்துல இருக்கிற பொருளைப் பிடிக்கும். நம்ம பழைய கடைகள்ல ஷட்டருக்குப் பதிலா இருக்கும்ல, மடங்கி விரியிற இரும்பு கேட், அதே தத்துவம்தான்.

1966-ல ஒரு நாள் கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமௌச்சி இதைப் பாத்துட்டார். ரூமுக்கு வரச் சொன்னார். வேலை நேரத்துல விளையாடினதுக்குத் திட்டு விழப் போகுதுன்னுதான் யோகோய் போனார். ஆனா தலைவர், இதை விக்கிற பொருளா மாத்துன்னு சொல்லிட்டார். அல்ட்ரா ஹேண்ட்ங்கிற பேர்ல வந்த அந்தப் பொம்மை 10 லட்சத்துக்கு மேல வித்தது. மெயின்டனன்ஸ் ஆள் அதுக்கப்புறம் பொம்மை டிசைனர் ஆயிட்டார்.

இதைப் படிச்சுட்டு வேலை நேரத்துல விளையாடலாம்னு எடுத்துக்காதீங்க. என் சூப்பர்வைசர் படிச்சா என் கதை முடிஞ்சுது. நான் கவனிச்சது வேற. மெஷினுக்குப் பக்கத்துல இருந்ததால அவருக்கு ஒரு பாகம் எப்படித் தேயும், எங்க மாட்டும், செய்ய எவ்வளவு ஆகும்னு கைப்பழக்கமாவே தெரிஞ்சிருந்தது. பின்னாடி அவர் பண்ண எல்லாத்துலயும் அந்தக் கணக்கு இருக்கு.

இடது பக்கம் மட்டும் திரும்புற கார்

அடுத்த பத்து வருஷம் அவர் பண்ண பொம்மைகளைப் பாத்தா நம்ம மினி ப்ராஜெக்ட் லிஸ்ட் மாதிரியே இருக்கும். 1969-ல லவ் டெஸ்டர். ஒரு பையனும் பொண்ணும் ஆளுக்கு ஒரு கையில எலக்ட்ரோடைப் பிடிச்சுக்கணும், இன்னொரு கையால ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கணும். உடம்பு வழியா ஓடுற துளிக் கரண்ட்டை ஒரு மீட்டர் முள் காட்டும். காதலை அளக்குதாம்! உள்ள இருந்தது ரொம்ப சாதாரண சர்க்யூட். கையைப் பிடிக்க ஒரு சாக்கு வேணும், அதுக்குத்தான் ஜனங்க காசு கொடுத்தாங்கன்னு அவருக்கு நல்லாவே தெரியும்.

1970-ல லைட் கன். துப்பாக்கியை அழுத்தினா ஒரு வெளிச்சம் பாயும். எதிர்ல இருக்கிற பொம்மையில ஒரு சோலார் செல். வெளிச்சம் பட்டா செல் சிக்னல் கொடுக்கும், பொம்மை விழும். கரண்ட் எடுக்கிற சோலார் செல்லை இவர் குறி பாக்குற பலகையா மாத்தினார்.

1972-ல வந்த லெஃப்டி ஆர்.எக்ஸ். தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரிமோட் கார். அப்போ ரிமோட் கார்னா பணக்கார வீட்டுச் சாமான். இடது, வலது, வேகம்னு ஒவ்வொண்ணுக்கும் தனி சேனல் வேணும், விலை ஏறிடும். யோகோய் ஒரே ஒரு சேனல் வச்சார். கார் நேராப் போகும், பட்டனை அழுத்தினா இடது பக்கம் திரும்பும். அவ்வளவுதான். வலது பக்கம் திரும்பவே திரும்பாது. யோசிச்சுப் பாருங்க, வட்டமான ரேஸ் டிராக்ல ஓட்டுறதுக்கு இடது திருப்பம் மட்டும் போதும்ல? பாதி வேலை செய்யுற காரை அவர் விக்கல. ஒரே வேலையைச் சரியா செய்யுற காரைக் குறைஞ்ச விலைக்குக் கொடுத்தார்.

அவரோட கொள்கையை நம்ம பாஷையில சொன்னா இதுதான். புதுசா வந்த டெக்னாலஜி பின்னால ஓடாதே. சந்தையில பழசாகி, விலை இறங்கி, என்னென்ன கோளாறு வரும்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோன பார்ட்டை எடு. அதை இதுவரைக்கும் யாரும் யோசிக்காத இடத்துல வை. காஞ்சு போன டெக்னாலஜின்னு அவர் ஜப்பான் மொழியில சொன்னது இதைத்தான். நம்ம ஊர்ல விறகை நல்லாக் காய வச்சுத்தானே அடுப்புல வைப்போம்? பச்சை விறகு புகையும். கிட்டத்தட்ட அந்த அர்த்தம்.

ரயில்ல ஒரு கால்குலேட்டர்

1970-கள் முடியப்போற நேரம். ஷார்ப்பும் கேசியோவும் கால்குலேட்டர் விக்கிறதுல போட்டி போட்டுட்டு இருந்தாங்க. அதனால எல்.சி.டி. ஸ்கிரீன், சின்ன சிப் எல்லாம் விலை தடதடன்னு இறங்கிச்சு. யோகோய் ஒரு நாள் புல்லட் ரயில்ல போறப்போ, ஆபீஸ்ல இருந்து வர்ற ஒருத்தர் பொழுது போகாம கால்குலேட்டர் பட்டனை அழுத்தி அழுத்தி விளையாடிட்டு இருக்கிறதைப் பாத்தார். பெரியவங்க கூச்சப்படாம கைக்குள்ள மறைச்சு வச்சு விளையாடுற ஒரு கேம் இருந்தா எப்படி இருக்கும்னு அவருக்குத் தோணிச்சு.

அந்த யோசனை தலைவர்கிட்ட போன விதம் சினிமா மாதிரி இருக்கும். ஒரு நாள் யமௌச்சியோட டிரைவர் வரல. வண்டி ஓட்ட யோகோய் போனார். சும்மா போக வேண்டாமேன்னு வழியில இந்த ஐடியாவைச் சொன்னார். தலைவர் பெருசா ஒண்ணும் பேசல. ஆனா கொஞ்ச நாள்ல ஷார்ப் கம்பெனி ஆட்கள் வந்து நின்னாங்க.

1980 ஏப்ரல்ல கேம் அண்ட் வாட்ச் வெளியாச்சு. ஒரு மெஷின், ஒரு கேம், கூடவே ஒரு கடிகாரம். பேட்டரி சட்டைப் பொத்தான் சைஸ். அந்த வரிசையில வந்த மெஷின்கள் உலகம் முழுக்க மொத்தம் 4.34 கோடி வித்தது. 1982-ல டாங்கி காங் கேம் அதுல வந்தப்போ ஜாய்ஸ்டிக் வைக்க இடம் இல்ல. நீட்டிக்கிட்டு இருந்தா பாக்கெட்ல போட முடியாது. அதனால தட்டையா ஒரு கூட்டல் குறி பட்டனை வச்சார். நான் முதல்ல சொன்னேனே, அந்தப் பட்டன் பிறந்தது இப்படித்தான். அதே டாங்கி காங் 1981-ல ஆர்கேட் கேமா உருவானப்போ, ஷிகெரு மியாமோட்டோங்கிற இளைஞருக்கு மேல இருந்து வழிகாட்டினவரும் யோகோய்தான். மாரியோ முதல் முதல்ல வந்த கேம் அது.

ஒரே ஒரு எல்.இ.டி.

இப்போ விளக்கு விஷயத்துக்கு வருவோம்.

1989 ஏப்ரல் 21. கேம் பாய் ஜப்பான்ல வெளியாச்சு. யோகோயோட டீம் பண்ணது. சடோரு ஒகாடாங்கிற என்ஜினியரும் அதுல முக்கியமானவர். 160-க்கு 144 பிக்சல், நாலே ஷேடு, பச்சைப் பாசி பிடிச்ச மாதிரி ஒரு ஸ்கிரீன். கலர் இல்ல. பின்னாடி லைட்டும் இல்ல. வெளிச்சத்துல வச்சுத்தான் பாக்கணும்.

அதே வருஷம் அட்டாரியோட லிங்க்ஸ் வந்தது, அடுத்த வருஷம் சேகாவோட கேம் கியர் வந்தது. ரெண்டும் கலர், ரெண்டுக்கும் பேக்லைட். பேப்பர்ல ஸ்பெசிஃபிகேஷனை வச்சுப் பாத்தா கேம் பாய் தோத்துப் போயிருக்கணும். ஆனா போட்டி மெஷின் கலர்ல வருதுன்னு கேள்விப்பட்டப்போ யோகோய்க்கு நிம்மதியா இருந்ததாம். ஏன்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

அன்னிக்கு வெள்ளை எல்.இ.டி. கிடையாது. நல்ல வெளிச்சம் தர்ற நீல எல்.இ.டி. 1993-லதான் வந்தது. அதுக்கப்புறம்தான் வெள்ளை. அந்த நீலத்துக்குத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூணு பேருக்கும் 2014-ல நோபல் பரிசு கிடைச்சது. 1989-ல பேக்லைட்னா சின்ன சைஸ் ஃப்ளோரசன்ட் டியூப்தான். டியூப்லைட்டைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டு சுத்துற மாதிரி. பேட்டரி தாங்குமா? கேம் கியர் ஆறு பேட்டரி சாப்பிட்டு 3-ல இருந்து 5 மணி நேரம் ஓடிச்சு. கேம் பாய் நாலு பேட்டரியில 10 மணி நேரத்துக்கு மேல ஓடிச்சு. விலையிலயும் அதே கதை. அமெரிக்காவுல கேம் பாய் சுமார் 90 டாலர், லிங்க்ஸ் சுமார் 180 டாலர். ஒரு பையனுக்கு வருஷத்துல ஒரு தடவை அப்பா கன்சோல் வாங்கித் தருவார். பேட்டரியை வாராவாரம் யார் வாங்கித் தருவா?

கேம் பாயும் அதுக்கப்புறம் வந்த கேம் பாய் கலரும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல வித்தது. மத்த ரெண்டும் பக்கத்துலகூட வரல.

ஆனா அந்த கேம் பாய்ல ஒரு விளக்கு இருந்தது. ஸ்கிரீனுக்கு இடது பக்கம் ஒரு குட்டி சிவப்பு எல்.இ.டி. ஆன் பண்ணா எரியும். பேட்டரி இறங்க இறங்க அதுவும் மங்கும். அது மங்க ஆரம்பிச்சா கேமை சேவ் பண்ணிடணும், இல்லாட்டி போச்சு. 1996-ல சின்னதா கேம் பாய் பாக்கெட் வந்தப்போ அந்த எல்.இ.டி.-யை எடுத்துட்டாங்க. வாங்கினவங்க கேட்டதுல திரும்ப வச்சாங்க. கலர் இல்லாததைப் பொறுத்துக்கிட்ட அதே ஜனங்க, இந்த ஒத்தை எல்.இ.டி.-யை விட்டுக் கொடுக்கல.

நம்ம பக்கத்துலயே இதுக்கு ஒரு உதாரணம் இருக்கு. ஸ்ரீபெரும்புதூர்ல 2006-ல இருந்து 2014 வரைக்கும் நோக்கியா ஃபேக்டரி ஓடினது உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். அந்தக் கம்பெனி 2003-ல கொண்டு வந்த 1100 மாடல் ஃபோன்ல உச்சியில ஒரு டார்ச் இருந்தது. கேமரா இல்ல, கலர் ஸ்கிரீன் இல்ல. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல வித்தது. கரண்ட் போனா ஃபோன் டார்ச்சை வச்சு மெழுகுவர்த்தி தேடின வீடு எத்தனை! அந்த விளக்குக்கு ஒரு வேலை இருந்தது.

விளக்கே ஸ்கிரீன் ஆனப்போ

இதோட நிறுத்தினா யோகோயை ஒரு சாமி மாதிரி காட்டின பாவம் எனக்கு வந்துடும். அவர் தோத்த கதையையும் கேளுங்க. வேடிக்கை என்னன்னா, அது எல்.இ.டி.-யால வந்தது.

1995 ஜூலையில விர்ச்சுவல் பாய் வந்தது. கண்ணை வச்சுப் பாக்குற 3டி கேம் மெஷின். உள்ள எல்.சி.டி. ஸ்கிரீன் கிடையாது. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரே வரிசையில 224 சிவப்பு எல்.இ.டி. அதுக்கு முன்னாடி வேகமா ஆடுற ஒரு கண்ணாடி. கண்ணாடி ஆடுறப்போ அந்த ஒரு வரிசை 384 இடத்துல தெரியும், கண்ணுக்கு முழுப் படமாத் தெரியும். நம்ம சிம்போசியத்துல யாராவது வருஷா வருஷம் ஃபேன்ல எல்.இ.டி. கட்டி, சுத்தவிட்டு டிபார்ட்மென்ட் பேரை எழுதிக் காட்டுவாங்கல்ல? தத்துவம் அதேதான்.

ஏன் சிவப்பு மட்டும்? காரணம் யோகோயோட பழைய காரணம்தான். சிவப்பு எல்.இ.டி. விலை கம்மி, கரண்ட் கம்மி, நல்லாப் பழகின பார்ட். நீலமும் நல்ல பச்சையும் அப்போதான் வந்துட்டு இருந்தது, விலை எக்கச்சக்கம். கணக்கு சரி. ஆனா விளையாடுறவன் பக்கம் கணக்கு தப்பாப் போச்சு. கறுப்பு இருட்டுல சிவப்புக் கோடுகளை மட்டும் பாத்துட்டே இருந்தா தலை வலிக்குது, கண் வலிக்குதுன்னாங்க. ஹெல்மெட் மாதிரி மாட்டவும் முடியாது, பாக்கெட்லயும் போட முடியாது. மேஜை மேல ஸ்டாண்டுல வச்சுக் குனிஞ்சு பாக்கணும். பக்கத்துல இருக்கிறவனுக்கு என்ன நடக்குதுன்னே தெரியாது. கம்பெனியோட கவனமும் அப்போ நிண்டெண்டோ 64 மேலதான் இருந்தது. வித்தது சுமார் 7.7 லட்சம். ஒரு வருஷத்துக்குள்ளயே நிறுத்திட்டாங்க.

எனக்கு இந்த இடத்துலதான் என் ரூம்மேட்டோட கன்சோல் ஞாபகம் வந்தது. பழைய பார்ட், மலிவான பார்ட், சர்க்யூட் கரெக்ட். எல்லாம் சரியா இருந்தும் கண்ணுக்கு வலி. முப்பது வருஷம் இதே தொழில்ல ஊறினவருக்கே சறுக்கிச்சுன்னா, நமக்குச் சறுக்கினதுல ஆச்சரியம் இல்ல.

1996 ஆகஸ்ட்ல, 31 வருஷ வேலையை விட்டுட்டு யோகோய் நிண்டெண்டோவுல இருந்து வெளிய வந்தார். விர்ச்சுவல் பாய் தோல்விதான் காரணம்னு உலகமே பேசிச்சு. அவர் அதை ஒத்துக்கல. வயசு ஐம்பதைத் தாண்டினதும் தனியா ஏதாவது செய்யணும்ங்கிறது அவரோட பழைய திட்டம். போறதுக்கு முன்னாடி கேம் பாய் பாக்கெட்டை முடிச்சுக் கொடுத்துட்டுப் போனார். கியோட்டோவுல கோட்டோங்கிற பேர்ல ஒரு சின்ன கம்பெனி தொடங்கினார். அங்க பண்டாய் கம்பெனிக்காக ஒரு புது கையடக்கக் கன்சோலை உருவாக்குற வேலையில இறங்கினார்.

அதை அவர் பாக்கல. 1997 அக்டோபர் 4. நண்பரோட கார்ல ஹொகுரிகு எக்ஸ்பிரஸ்வேயில போயிட்டு இருந்தார். முன்னால போன லாரியில கார் லேசா இடிச்சது. பெரிய அடி ஒண்ணும் இல்ல. என்ன ஆச்சுன்னு பாக்க இறங்கினார். அந்த வழியா வந்த இன்னொரு கார் அவர் மேல மோதிச்சு. வயசு 56.

ஜி.எஸ்.டி. ரோட்டுல தினமும் போற நமக்கு இந்த முடிவு ரொம்பப் பழக்கமான முடிவு. ஹைவேயில வண்டி இடிச்சா உடனே இறங்கி ரோட்டுல நின்னு பம்பரைப் பாக்காதீங்க. பார்க்கிங் லைட்டைப் போட்டுட்டு முதல்ல ஓரமாப் போங்க. கட்டுரைக்குச் சம்பந்தம் இல்லாத மாதிரி இருக்கலாம், ஆனா இதைச் சொல்லாம என்னால தாண்ட முடியல.

அவர் தொடங்கி வச்ச வொண்டர்ஸ்வான் 1999 மார்ச்ல வந்தது. ஒரே ஒரு பேட்டரி, அதுல சுமார் 30 மணி நேரத்துக்கு மேல ஓடும். விலை 4,800 யென். அதுலயும் விளக்கு இல்ல. அதுக்காக அவர் யோசிச்ச ஒரு பஸில் கேமுக்கு அவர் பேரையே வச்சாங்க.

விளக்கு கேட்ட ஜனங்க

அப்போ விளக்கே கூடாதுங்கிறதுதான் பாடமா? இல்ல. கேம் பாய் வந்த கொஞ்ச நாள்லயே வேற கம்பெனிகள் பூதக்கண்ணாடியோட சேர்ந்த கிளிப் லைட் வித்தாங்க. போர்வைக்குள்ள விளையாடணும்ங்கிற ஆசை உலகத்துல எல்லாப் பசங்களுக்கும் ஒண்ணுதான். யோகோய் இறந்து ஆறு மாசம் கழிச்சு, 1998 ஏப்ரல்ல, பேக்லைட் வச்ச கேம் பாய் லைட் ஜப்பான்ல மட்டும் வந்தது. 2001-ல கேம் பாய் அட்வான்ஸ் மறுபடியும் விளக்கு இல்லாம வந்தப்போ ஜனங்க கடுப்பாயிட்டாங்க. 2002-ல ஆஃப்டர்பர்னர்னு ஒரு கிட் வந்தது. கன்சோலைத் திறந்து, உள்ள பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் செதுக்கி, லைட்டை வச்சு, வயரை நாமே சோல்டர் பண்ணணும். நம்மள மாதிரி கைதுறுதுறுக்கிற ஆளுங்க உலகம் முழுக்கத் திறந்தாங்க. 2003-ல நிண்டெண்டோவே எஸ்.பி. மாடல்ல விளக்கும் ரீசார்ஜ் பேட்டரியும் சேர்த்துக் கொடுத்துட்டாங்க. 1989-ல தப்பா இருந்த விளக்கு 2003-ல சரியாயிடுச்சு. மாறினது பார்ட்டோட விலையும் பேட்டரியும். கேள்வி மட்டும் மாறல. இந்த விளக்கு விளையாடுறவனுக்கு என்ன செய்யுது, அதுக்கு அவன் என்ன கொடுக்கிறான்?

இந்தக் கேள்வியோட நானும் ரூம்மேட்டும் கன்சோலை மறுபடி திறந்தோம். கணக்கு ரொம்ப சிம்பிள், நீங்களும் போட்டுப் பாருங்க. பேட்டரி 1000 மில்லிஆம்பியர்-மணி. கன்சோல் எடுக்கிறது 200 மில்லிஆம்பியர். ஆக 5 மணி நேரம். ஆறு எல்.இ.டி., ஒவ்வொண்ணும் 10 மில்லிஆம்பியர்னா கூடுதலா 60. இப்போ 1000-ஐ 260-ஆல வகுங்க. 3 மணி 50 நிமிஷம். அழகுக்காக ஒரு மணி நேரத்துக்கு மேல கொடுத்திருந்தோம். அதுவும் கண்ணுல அடிக்கிற அழகு.

அஞ்சு எல்.இ.டி.-யை எடுத்துட்டோம். ஒரு சிவப்பை மட்டும் ஸ்கிரீனுக்கு இடது பக்கம் வச்சோம். அதோட சீரீஸ்ல ரெண்டு சாதாரண டையோடும் ஒரு ரெசிஸ்டரும் போட்டோம். பேட்டரி 4.2 வோல்ட்ல இருக்கிறப்போ பளிச்னு எரியும், 3.4 பக்கம் இறங்கினா மங்கும். மைக்ரோகன்ட்ரோலர் இல்ல, கோடு இல்ல. மொத்தச் செலவு ஒரு டீ காசு. இப்போ அதைப் பாக்க ஹாஸ்டல்ல யாரும் வர்றது இல்ல. ஆனா கேம் நடுவுல ஆஃப் ஆகி ரூம்மேட் கத்துறது நின்னுடுச்சு.

நீங்க கன்சோலுக்கு லைட் வைக்கப் போறீங்கன்னா தாராளமா வைங்க, நான் தடுக்கல. திறக்கறதுக்கு முன்னாடி பேட்டரி கனெக்டரைக் கழட்டுங்க. லித்தியம் பேட்டரியை சோல்டரிங் அயர்னால தொடாதீங்க. ஒவ்வொரு எல்.இ.டி.-க்கும் தனி ரெசிஸ்டர் போடுங்க. கண்ணைப் பாத்து அடிக்காம பின்பக்கமாத் திருப்பி வைங்க. ஒரு குட்டி சுவிட்சும் வைங்க, வேண்டாம்னா அணைச்சுக்கலாம்.

கடைசியா ஒண்ணு. போன வாரம் எனக்கு ஆஃபர் லெட்டர் வந்தது. ஒரகடம் பக்கம்தான். டிரெய்னி என்ஜினியர், மெயின்டனன்ஸ். வீட்ல சொன்னப்போ அம்மாவுக்கு சந்தோஷம், சித்தப்பா மட்டும் ஐ.டி. பக்கம் போயிருக்கலாமேன்னார். முன்னாடியா இருந்தா நானும் அதையேதான் நினைச்சிருப்பேன். இப்போ ஜூலையில இருந்து மறுபடியும் சிங்கப்பெருமாள் கோவில் ஜங்ஷன்ல நிக்கப் போறேன். மெஷின் பக்கத்துல இருக்கப் போறேன், எந்த பார்ட் எப்படித் தேயுதுன்னு பாக்கப் போறேன். யோகோய் மாதிரி ஆயிடுவேன்னு சொல்லல. ஆனா அந்த வேலையைச் சின்ன வேலைன்னு இனிமே நினைக்க மாட்டேன்.

காலைல ஆறு மணிக்கு அந்தப் பக்கம் வந்தீங்கன்னா கூப்பிடுங்க. டீ சாப்பிடலாம். கன்சோலும் பையில இருக்கும்.